ரெண்டு வண்டியும் நல்லாருக்கு என்று நான் சொன்னது பற்றி

கண்ணா,

நலமா என்று கேட்டு எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை. நமக்கு நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் நீ ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு யாரோ ஒரு பெங்களூர்க்காரனிடம் "கரெக்ட், கரெக்ட்" என்று அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. இந்தப் பக்கம் நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "ஏளா, எந்திரிச்சு நாலு எட்டு வச்சா அவன் ரூமு. இதுக்குப் போயி ஸ்டாம்பு ஒட்டப் போறியாக்கும்?" என்று கேட்டுவிட்டு, நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லி வடாபாவ் தின்னப் போயிருக்கிறார். போகட்டும். திரும்பி வரும்போது மீசையில் பூண்டுப் பொடி இருக்கும், அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

நேரில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், என் வாய் அப்படி. திறந்தால் முதலில் வெளியே வருவது எதிரே இருப்பவரின் குறையாகத்தான் இருக்கும். "ஏன் இன்னும் சவரம் பண்ணல?" என்று ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிடும். இன்று சொல்ல வந்ததில் குறை என்னுடையது. அதை நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே பேசக்கூடாது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அவ்வளவு மெதுவாகப் படிக்கிறவனுக்குக் கோபம் வருவது கஷ்டம். கேதகிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால் உன் பெண்டாட்டியிடம் நீட்டி "என்ன எழுதியிருக்குன்னு சுருக்கமா சொல்லு" என்று தப்பிக்கவும் வழியில்லை. ஒரு தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

அடுத்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் கராடிக்குக் குடிபோகிறீர்கள். அவளுக்கு ஆபீஸ் அங்கேயே. உனக்கு ஹிஞ்சவடி. அதாவது தினமும் காலையில் புனேயின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வண்டி ஓட்டிப் போய், சாயங்காலம் அதே போல் திரும்பி வரவேண்டும். அதற்கு ஒரு கார் வேண்டும். இந்த ஊரில் புத்தியுள்ள எவனும் அதற்கு ஒரு சாதுவான வண்டியை வாங்குவான். நீ பத்து வருஷமாக ஆசைப்படுவது வேறு ரகம். வெளியே பார்த்தால் சின்ன வண்டி, உள்ளே இருப்பது பெரிய வண்டியின் எஞ்சின். ஹாட் ஹேட்ச் என்கிறீர்கள். நீ போனில் படம் காட்டியபோது உன் அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "கரண்டு அடிச்ச எலி மாதிரில்லா இருக்கு" என்றார். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்று பழையதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாய். நிக்டியில் ஒரு பழைய வண்டி விற்கிற யார்டில் சாம்பல் நிற வண்டி, ஆட்டோமேட்டிக். ஏரவாடாவில் ஒருவர் வீட்டு வாசலில் சிவப்பு வண்டி, கையால் கியர் போடுவது. போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போய் இரண்டையும் காட்டினாய். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். "ரெண்டும் நல்லாருக்குல" என்றேன்.

அது பொய். நாளைக் காலை பத்து மணிக்கு நீ நிக்டிக்குப் போய் சாம்பலுக்குப் பணம் கட்டப் போகிறாய் என்பதால் இன்றே அதைச் சொல்லித் தீர வேண்டியிருக்கிறது.

ஏன் பொய் சொன்னேன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆகுர்டி தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப்பில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன பார்த்தேன் என்பது அவ்வளவாகத் தெரியாது. மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டாங்கிகள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும். தலைக்கு மேலே வரிசையாக டியூப் லைட். டாங்கியை யாரும் நேராகப் பார்க்க மாட்டோம், அதில் விழுகிற டியூப் லைட்டின் பிம்பத்தைத்தான் பார்ப்போம். பிம்பம் நேர்கோடாக நின்றால் பெயின்ட் சரி. கோடு எங்காவது நெளிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது: தூசு, வடிந்த பெயின்ட், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. கையில் ஒரு மஞ்சள் மெழுகுப் பென்சில் இருக்கும். குறை தெரிந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால் டாங்கி திரும்பப் போய்விடும். ஒரு டாங்கிக்கு அரை நிமிஷம்கூட கிடையாது. இப்படி இருபத்தாறு வருஷம் பார்த்த கண், வேலை முடிந்து பஸ் ஏறினால் மட்டும் மூடிக்கொள்ளுமா? கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டேன், மேடைப் பலகையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

நீ எட்டாவது படித்தபோது உன் சைக்கிளுக்கு நீயே நீல பெயின்ட் அடித்தாய். ஸ்பிரே டப்பா வாங்க நாலு மாசம் காசு சேர்த்து, மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்து, இரண்டு நாள் பாடுபட்டு அடித்தாய். நான் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம் பார்த்து வீட்டு கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றாய். மூக்கு நுனியெல்லாம் நீலம். "அம்மா, தேக்கோ, பாரு!" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. உள்ளேயிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்தேன். பதினோரு வட்டம் போட்டேன். உனக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு சொன்னேன். நீ அழவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய். மறுநாள் அந்த நீலத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, துருப்பிடித்த சைக்கிளிலேயே பள்ளிக்கூடம் போனாய். அந்த வருஷம் முழுவதும் அப்படியேதான் போனாய்.

அதற்குப் பிறகு நீ எனக்கு எதையும் காட்டியதில்லை. சண்டை கிடையாது, முறைப்பு கிடையாது. பள்ளியில் நீ செய்த பாலம் மாடலுக்குப் பரிசு கிடைத்ததை உன் டீச்சர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் செய்த புராஜெக்ட்டை அப்பா மட்டும் வந்து பார்த்தார். கேதகியைப் பற்றி அப்பாவுக்கு நாலு மாதம் முன்னாலேயே தெரியும், எனக்கு எல்லாம் முடிவான பிறகுதான். அன்று எனக்கு வந்த கோபத்தில் பாத்திரம் எல்லாம் சத்தம் போட்டது, ஞாபகம் இருக்கும். கோபம் அந்தப் பெண் மேல் இல்லை, அவள் தங்கம். என் பிள்ளை என்னைக் குறை காட்டுகிற டியூப் லைட்டாகப் பார்த்துப் பயப்படுகிறானே என்பதுதான். கேட்டதற்கு உன் அப்பா, "நீ வட்டம் போட்டுருவேன்னு பயந்துருப்பான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அதனால்தான், பத்து நாளைக்கு முன்னால் நீ அடுப்படி வாசலில் வந்து நின்று, "அம்மா, சண்டே ஃப்ரீயா? ரெண்டு காடி பாத்து வெச்சிருக்கேன். நீ ஒரு தடவ வந்து பாக்கறியா?" என்று கேட்டபோது எனக்குக் கரண்டி நழுவியது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை எதையோ காட்டுகிறேன் என்கிறான்! அன்றே உன் அப்பாவிடம் சத்தியம் செய்தேன், வாயைத் திறக்க மாட்டேன், எது எப்படி இருந்தாலும் நல்லாருக்கு என்றுதான் சொல்வேன் என்று. அவர் நம்பவில்லை. "ஒன்னால முடியாது, ஒரு மணி நேரத்துல வெடிச்சுருவ" என்றார். முடிந்தது. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே பந்தயம், அதைத்தான் இப்போது தோற்றிருக்கலாமே என்று நினைக்கிறேன்.

முதலில் சாம்பலைப் பார்த்தோம். யார்டுக்காரர் கழுவித் துடைத்து பளபளவென்று நிறுத்தியிருந்தார். பெயின்ட்டில் ஒரு குற்றம் சொல்ல முடியாது, எல்லாம் கம்பெனியில் அடித்தது. நீயும் சுற்றிச் சுற்றி அதைத்தான் பார்த்தாய். நான் வாயை மூடிக்கொண்டு மற்றதைப் பார்த்தேன். நாலு டயரும் மூன்று கம்பெனி. இந்த மாதிரி ஓடுகிற வண்டிக்குக் கிடைத்த டயரை மாட்டி ஓட்டியவன், எஞ்சின் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பானா? மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்றது. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் ஒரு பக்கம் வழித்துவிட்ட மாதிரி தேய்ந்திருந்தது, ஸ்டியரிங் தோல் பழைய மணிபர்ஸ் மாதிரி மினுங்கியது. முப்பதாயிரத்தில் அப்படி ஆகாது. நீ யார்டுக்குள் மெதுவாக ஓட்டிக் காட்டினாயே, அப்போது ஊர்ந்து நகரும்போதெல்லாம் கியர் ஒரு விக்கல் விக்கியது. வேகமாகப் போகும்போது அது தெரியாது. நீ ஒரு சுற்று வேகமாகப் போய் வந்து, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினாய். நான் "நல்லாருக்குல" என்றேன்.

பிறகு ஏரவாடா. சந்துக்குள் கார் நுழைவதே பெரிய காரியம். அந்த சிவப்பு வண்டி வீட்டுச் சுவரோடு ஒட்டி, உறை போட்டு நின்றது. வண்டிக்குச் சொந்தக்காரர் செல்வா, கணபதிப் பந்தல்களுக்கு விளக்குக் கட்டுகிற தொழில். நம்ம தமிழ் ஆள்தான், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் அதே சந்து. இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது, சாமான் ஏற்ற டெம்போ வேண்டும், அதனால் விற்கிறார். உறையை எடுக்கும்போது, தூங்குகிற பிள்ளையின் போர்வையை எடுக்கிற மாதிரி எடுத்தார். எனக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துவிட்டது. நாலு டயரும் ஒரே கம்பெனி. சர்வீஸ் சீட்டெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரிசையாக இருந்தது. சந்துக்கு மேலே குறுக்கே ஒரு மின்சார வயர் போகிறது. அதன் பிம்பம் வண்டியின் இடது பக்கத்தில் விழுந்தது. முன் கதவில் நேராக வந்த வயர், பின் கதவுக்கு வந்ததும் நெளிந்தது.

கண்ணா, எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பின் கதவு திரும்பப் பெயின்ட் அடித்தது. ஓர ரப்பரை நகத்தால் தள்ளிப் பார்த்திருந்தால் உள்ளே சிவப்புப் பொடி தெரிந்திருக்கும். வண்டி எங்கேயோ அடிபட்டிருக்கிறது. கதவோடு போன அடியா, உள்ளே கூரையைத் தாங்குகிற தூண் வரைக்கும் போன அடியா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டிருக்க வேண்டும். கை அரித்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பார்வையை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். "குறை சொல்லிடாதேம்மா" என்று கெஞ்சுகிறாய் என்று நினைத்தேன். முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, "நல்லாருக்குல, சோக்கா இருக்கு" என்றேன். சோக்கு என்ற வார்த்தையை என் வாழ்நாளில் அதற்கு முன்னால் நான் சொன்னதாக நினைவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பிம்ப்ரி சிக்னலில் நின்றபோது, "அம்மா, ஒன் கண்ணாடி பவர் செக் பண்ணி எவ்ளோ நாள் ஆச்சு?" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் கண்ணுக்கு என்னல? எறும்பு போனாலும் தெரியும்" என்றேன். "சும்மா கேட்டேன்" என்றாய். மறுநாள் காலையில் கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன் என்று சொன்னாய். கார் பார்க்கப் போனதற்கும் கண் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவே இல்லை. பாசம் என்று நினைத்து சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை சாப்பிடும்போது, "சாம்பலே எடுத்துடலாம்னு இருக்கேன். சனிக்கிழம பைசா குடுத்துடறேன்" என்றாய். சிவப்பு என்னாயிற்று என்று உன் அப்பா கேட்டார். "அது... ஜானே தோ, விடுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிற ஒரு வண்டியை, கியர் விக்குகிற ஒரு வண்டியை, தினமும் அறுபது கிலோமீட்டர் ஊர்ந்து போவதற்கு என் பிள்ளை வாங்கப் போகிறான். நானும் கூடப் போய் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சரி, அதை வேண்டாம் என்று சொல்வதென்றால் சிவப்பைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொண்டு சொல்வோம் என்று முடிவு செய்தேன். நேற்று நீ ஆபீஸ் போனதும் பிம்ப்ரிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, மெட்ரோ ஏறி, சிவில் கோர்ட்டில் மாறி, ஏரவாடாவில் இறங்கி, செல்வா வீட்டு வாசலில் போய் நின்றேன். உன் அப்பாவிடம் கோவிலுக்கு என்று சொன்னேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் வாய் தானாகப் பழகிவிடுகிறது.

செல்வா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஆன்ட்டி, அந்தப் பின்னாடி டோருக்குத்தானே வந்தீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"உங்க பையன் மொத தபா தனியா வந்தாரு இல்ல, அப்பவே புடிச்சிட்டாரு. அந்த ஒயர் நிழல் டோர்ல விழுதே, அதப் பாத்தாரு. நேரா போயி ரப்பர நகத்தால தள்ளிப் பாத்தாரு. 'இது ரீபெயின்ட்டா பாய்'ன்னாரு. நான் எதுக்கு மறைக்கணும்? என் ஒய்ஃப் வண்டி கத்துக்கறப்ப பார்க்கிங் தூண்ல உரசிட்டா. மேல் தகடு மட்டும்தான். பில்லு, போட்டோ எல்லாம் காமிச்சேன்."

"அப்போ அவன் என்ன சொன்னான்?"

"நீங்க எப்படி கண்டுபுடிச்சீங்க, மெக்கானிக்கான்னு கேட்டேன். இல்ல, எங்கம்மா பெயின்ட் ஷாப்புன்னாரு. ரொம்ப பெருமையா சொன்னாரு ஆன்ட்டி. 'அவங்கள கூட்டிட்டு வரேன். நீங்க டோரப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவங்களே பாப்பாங்க, ரெண்டு நிமிஷம் போதும் அவங்களுக்கு. அடி உள்ள போயிருக்கா இல்லயான்னு அவங்க சொல்லட்டும். அவங்க சரின்னா எடுத்துக்கறேன்'னாரு." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "அன்னிக்கு நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டுத் திரும்பினீங்களா, அவரு மூஞ்சியே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அங்கேயே அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பாவம், தான் தூணில் உரசியதற்குத்தான் நான் இப்படி ஆகிவிட்டேன் என்று அவளுக்கு ஒரே சங்கடம். எனக்கோ ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் தலைகால் புரியாத சந்தோஷம். நீ என்னைக் கூட்டிப் போனது வண்டியைப் புகழ்வதற்கு இல்லை. என் கண் வேண்டும் என்று கூட்டிப் போயிருக்கிறாய். எந்தக் கண்ணுக்குப் பயந்து எல்லாவற்றையும் மறைத்தாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதே கண்ணை ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாய். போதாததற்கு அதைக் கற்றுக்கொண்டும் இருக்கிறாய், அதுவும் நகத்தால் ரப்பரைத் தள்ளுகிற வரைக்கும். நான் நல்ல தாயாக நடந்துகொள்வதாக நினைத்து, நீ கேட்டு வந்த அந்த ஒன்றைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். கதவைக் கண்டுகொள்ளாத என் "நல்லாருக்கு"வை நம்ப முடியாமல்தான் நீ சிவப்பைக் கைவிட்டிருக்கிறாய். மெட்ரோவில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த பெண் "காய் ஜாலா காகூ?", என்ன ஆச்சு என்று மராத்தியில் கேட்டாள். மகன் கார் வாங்குகிறான் என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் வாழ்த்துச் சொன்னாள்.

நேற்று சாயங்காலத்திலிருந்து மூன்று முறை உன் அறை வாசல் வரை வந்தேன். மூன்றாவது முறை கதவைத் திறந்து, "சட்டையெல்லாம் ஏன் தரையில கெடக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் கடிதம்.

சரி, இப்போது என் ரிப்போர்ட்டைக் கேள். சிவப்பின் பின் கதவை நேற்று நன்றாகப் பார்த்தேன். செல்வா இரண்டு கதவையும் திறந்து, ஓர ரப்பரைக் கழற்றியே காட்டினார். உள்ளே தூணில் கம்பெனி வெல்டிங் அப்படியே இருக்கிறது. பெயின்ட்டும் கம்பெனியில் அடித்ததுதான், தட்டி எடுத்த அடையாளம் எங்கும் இல்லை. அடி மேல் தகட்டோடு நின்றிருக்கிறது. அந்தக் கதவுக்கு அடித்தவன் கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். நான் வேலை பார்த்த நாட்களில் என் முன்னால் வந்திருந்தால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு விட்டிருப்பேன். இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய், வண்டியைத் தூக்கிப் பின் சக்கரங்கள் கோணாமல் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல். கண்ணால் பார்ப்பது வரைக்கும்தான் நான் பொறுப்பு.

அதற்காக சிவப்பு மகாலட்சுமி என்று நினைத்துவிடாதே. கிளட்ச் கனம். நேற்று நானே உட்கார்ந்து இருபது முறை மிதித்துப் பார்த்தேன், முட்டி பேச ஆரம்பித்துவிட்டது. வேகமான வண்டி வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது அது மெதுவாக எப்படிப் போகிறது என்பதைத்தான். நகர் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு உன் குதிரைசக்தியை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பாய்? முதல் கியரும் கிளட்சும்தான். சீட் கல் மாதிரி இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்தால் நம் சொசைட்டி வாசலில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கரில் வண்டியின் அடிவயிறு நிச்சயம் தட்டும், அப்பாவை இறக்கி நடக்கவிட வேண்டியிருக்கும். பின் சீட்டில் என் கால் நுழையும், திரும்ப வெளியே வருவதற்குக் கேதகி கைகொடுக்க வேண்டும். பெட்ரோலும் நன்றாகக் குடிக்கும். இத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன், இரண்டில் ஒன்று என்றால் சிவப்பு. அதன் குறையெல்லாம் வெளியே தெரிகிறது, ஒவ்வொன்றோடும் நீ பழகிக்கொள்ளலாம். சாம்பலில் எனக்குத் தெரிந்ததை மேலே எழுதிவிட்டேன். தெரியாதது எவ்வளவு என்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இரண்டும் வேண்டாம், சாதுவாக ஒன்று வாங்குகிறேன் என்றாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நீ வாங்க மாட்டாய். அந்த சிவப்பு வண்டியின் பானெட்டைத் தடவியபோது உன் முகத்தில் நான் பார்த்தது எட்டாவது படித்த பையனை.

கேதகி விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், குடிபோகிற நேரம் அல்லவா. அவள் சமைத்தது, அவள் வாங்கிய திரைச்சீலை, அவள் எழுதிய மெயில், எதைக் காட்டினாலும் கேட்காமல் வட்டம் போடாதே, அது என் தப்பு. கேட்ட பிறகு "நல்லாருக்கு" என்று சொல்லி நழுவாதே. அதுவும் என் தப்பு, அதைப் போன வாரம்தான் கண்டுபிடித்தேன். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷமாக என்னோடு இருந்துகொண்டு சிரிக்கிற மனுஷன், அவரைக் கேள். அந்தக் கதவு என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைத்துத்தானே நேரம் வாங்கினாய், கண் டாக்டருக்கும் போன் செய்து வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நீல சைக்கிளைப் பற்றி ஒன்று. பதினோரு வட்டம் போட்டேன் அல்லவா, ஹேண்டிலுக்குக் கீழே கம்பி வளைகிற இடம் இருக்கிறதே, அது பெயின்டர்களே தடுமாறுகிற இடம், அங்கே நீ ஒரு சொட்டு வடியாமல் அடித்திருந்தாய். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.

நிக்டிக்கு நீ போன் செய்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது உன் முடிவு. ஏரவாடாவுக்கோ வேறு எங்கேயோ, நாளை பத்து மணிக்கு நீ கிளம்பும்போது நான் புடவை மாற்றி, செருப்புப் போட்டுக்கொண்டு லிஃப்ட் பக்கத்தில் நிற்பேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன். கூப்பிட்டால் நன்றாக இருக்கும்.

உன்
அம்மா